நாற்பது சட்டையும் ‘நான் பேசமாட்டன்’ என்ற சொல்லும்

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். கேட்டவர் தலைப்புகளையும் அனுப்பியிருந்தார்: குழு அமைத்தல், பயிற்சி, சந்தை, நிலைபேறு. முதல் மூன்றும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதற்கென்றே படித்துவிட்டுத்தானே வந்திருக்கிறீர்கள்! நாலாவதைப் பற்றி எனக்கு ஒரேயொரு விஷயம் தெரியும். அதைக் கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்துக்கு மேலே இருந்த மாடி அறையில், ஒன்பது பெண்களுக்கு முன்னால் அசடு வழிய நின்று தெரிந்துகொண்டேன். அதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்தால் வாய் நிற்காது. இறங்கிய பிறகு வெட்கப்படுவேன், ஆனால் வெட்கம் எப்போதும் பிந்தித்தான் வந்து சேரும். இந்தக் குணத்தோடு முப்பது வருடம் பெண்கள் குழுக்களோடு வேலை செய்திருக்கிறேன் என்றால், பொறுமை என்னுடையதல்ல, அவர்களுடையது என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

அது போர்க்காலம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்து, கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்தவள். வீடு வெள்ளவத்தையில். வேலை கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மாளிகாவத்தை என்று நகரத்தின் மற்ற முனையில். காலையில் ஒரு பஸ், பிறகு இன்னொரு பஸ், இடையில் இரண்டு சோதனைச்சாவடி. அடையாள அட்டையைக் கைப்பையில் வைத்தால் தேட நேரமாகும் என்று கையிலேயே பிடித்துக்கொண்டு போவேன்.

கொட்டாஞ்சேனைத் தையல் குழுவில் ஒன்பது பேர். எட்டுப் பேரின் குடும்பங்கள் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிக் கொழும்புக்கு வந்தவை. ஒன்பதாவது ஆள் நஸீமா. மாளிகாவத்தை மாடிக் குடியிருப்பிலிருந்து வருபவர், பட்டன் ஓட்டை தைப்பதில் கெட்டிக்காரி. எங்கள் நிறுவனம் இரவலாகக் கொடுத்த ஆறு தையல் மெஷின்கள் இருந்தன. உள்பாவாடையும் தலையணை உறையும் தைத்து, புறக்கோட்டைக் கடைகளுக்குக் கொடுத்து வந்தார்கள். கீழே அச்சு மெஷின் ஓடும்போது மேலே கத்தரிக்கோல்கள் மேசையில் தானாக நடனமாடும்.

குழுவின் தலைவி பாக்கியம். அட்டன் பக்கத்திலிருந்து சிறு வயதிலேயே கொழும்புக்கு வீட்டு வேலைக்கு வந்தவர். வெள்ளவத்தையில் ஒரு சிங்களக் குடும்பத்தின் வீட்டில், அங்கேயே படுத்தெழும்பி, பல வருடம் சமைத்தார். தன் மகளை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மட்டும் போய்ப் பார்ப்பார். குழுவில் சேர்ந்த பிறகுதான் மகளோடு ஒரே பாயில் படுக்கிறார். “நோனா இன்னும் ஆள் வெச்சிக்கல மிஸ். எப்ப வேணும்னாலும் வான்னு சொல்லிருக்காங்க” என்று அந்த வீட்டு எசமானியைப் பற்றி ஒருமுறை சொன்னார். அதைச் சொன்னபோது முகத்தில் சந்தோஷம் இல்லை. குழு நின்றால் போகவேண்டிய இடம் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

அந்த வருடக் கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. திட்டம் முடிகிறது. சொந்தக் காலில் நிற்கக்கூடிய குழுக்களுக்கு மெஷின்கள் சொந்தமாகும். நிற்க முடியாத குழுக்களின் மெஷின்கள் வேறு மாவட்டத்துக்குப் போகும். நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்கு முதல்நாள் ஓர் அதிகாரி வந்து நேரில் பார்த்து முடிவு செய்வார். நீங்கள் இப்போது நிலைபேறு என்று சொல்வதை அப்போது சொந்தக் கால் என்றார்கள். எந்தக் காலாக இருந்தாலும் அதிகாரி பார்க்க வரும்போது குழுவின் கையில் ஒரு பெரிய வேலை இருக்க வேண்டும் என்று எனக்கு விளங்கியது.

வெள்ளவத்தையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பெண் பிள்ளைகள் விடுதி எனக்குப் பழக்கம். வடக்கிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைகள் நாற்பது பேர் அங்கே இருந்தார்கள். பலருக்குத் தாய் இல்லை. சிலருக்குத் தாய் எங்கே என்று தெரியாது. நத்தாருக்குப் புதுச் சட்டை தைக்க யாரோ நல்ல மனம் கொண்டவர் கொடுத்த துணி, இளநீலக் கட்டம் போட்டது, விடுதி சிஸ்டரிடம் இருந்தது. நான் போய் நின்று கெஞ்சி அந்த வேலையை வாங்கிவிட்டேன். “துணி இவ்வளவுதான் பிள்ளை. பிழைச்சுதெண்டால் வேற இல்லை, என்ர பிள்ளையள் பழசோடதான் நிக்கும்” என்றார் சிஸ்டர். “பிழைக்காது சிஸ்டர்” என்றேன். எவ்வளவு துணிவு பாருங்கள்.

அளவுப் பட்டியலில் சிஸ்டர் பிள்ளைகளின் பெயர்களையும் எழுதியிருந்தார். நாற்பது வடக்குப் பெயர்களைக் கைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு சாவடி தாண்ட எனக்குத் துணிவில்லை. யார் இவர்கள், எங்கே இருக்கிறார்கள், உனக்கு என்ன உறவு என்று தொடங்கினால் எங்கே போய் முடியும்? ஆகவே வேறு தாளில் ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டு, நெஞ்சளவையும் நீளத்தையும் மட்டும் பிரதி பண்ணினேன். இடுப்பில் நாடா கட்டும் சட்டை என்பதால் இடுப்பளவு தேவைப்படவில்லை. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று நஸீமா வரவில்லை. மற்ற எட்டுப் பேரையும் இருத்தி விஷயத்தைச் சொன்னேன். பின்னேரம் ஆனால் சோதனை கூடிவிடும் என்று எனக்குப் பஸ் அவசரம். நான் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் பிறகு நாங்கள் எல்லோரும் அதைப் பலமுறை திரும்பச் சொல்லிப் பார்த்தோம்.

“சிஸ்டர்ட ஹொஸ்டல் பிள்ளையளுக்கு நாற்பது சட்டை. அரைக் கை. ஆடம்பரம் ஒண்டும் வேண்டாம். அளவெல்லாம் இந்தக் கடதாசியில கிடக்கு. நத்தாருக்கு இரண்டு நாள் முந்தி முடிச்சுப் போடவேணும். ஏதும் பிழை விட்டால் உடன சொல்லுங்கோ, நான் பேசமாட்டன்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல கெட்டிக்காரக் குழு என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினேன். பிள்ளைகளே, ஒருவரும் ஒன்றும் கேட்காத கூட்டத்திலிருந்து சந்தோஷமாக வீட்டுக்குப் போகாதீர்கள்.

இரண்டு நாள் கழித்து நகரத்தில் குண்டு வெடித்தது. தமிழர் அதிகம் என்று வெள்ளவத்தையை இராணுவம் சுற்றிவளைத்தது. வீடு வீடாகப் பதிவு, விசாரணை. எங்கள் மாடியிலிருந்தே மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய், மறுநாள் விட்டார்கள். என் கணவர் வேலைக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். என்னை வாசலைத் தாண்டவிடவில்லை. பன்னிரண்டு நாள் நான் கொட்டாஞ்சேனைக்குப் போகவில்லை. என் வீட்டுத் தொலைபேசி இலக்கம் பாக்கியத்திடம் இருந்தது. அச்சகத்துக்குப் பக்கத்திலேயே காசு கொடுத்துத் தொலைபேசி எடுக்கும் கொமியூனிகேஷன் கடை. ஒன்றென்றால் எடுத்துச் சொல்வார்கள்தானே? எடுக்கவில்லை. ஆகவே வேலை நன்றாகப் போகிறது என்று நிம்மதியாக இருந்தேன்.

பதின்மூன்றாம் நாள் போனேன். நத்தாருக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. படியேறும்போதே மெஷின் சத்தம் கேட்டது, மனம் குளிர்ந்தது. உள்ளே போனேன். மேசையில் வரிசையாக அடுக்கியிருந்தன, இளநீலக் கட்டம், நல்ல நேர்த்தியான தையல். ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன்.

கொலர் இருந்தது. முன்பக்கம் முழுக்கப் பட்டன். நெஞ்சில் ஒரு பொக்கெற். ஆண் பிள்ளைகள் போடும் சேட்டு. ஆனால் நீளமோ முழங்காலுக்கு வந்தது.

“இதென்ன?”

“சட்டை மிஸ்” என்றார் பாக்கியம்.

“ஆருக்கு?”

“ஹாஸ்டல் புள்ளைங்களுக்கு.”

“எந்தப் பொடியன் முழங்கால் மட்டும் சேட்டுப் போடுவான்?”

“அதான் மிஸ் நாங்களும் யோசிச்சோம். கடதாசில நீளம் அப்படித்தான் இருந்திச்சி. கொறைச்சா தப்பாயிருமோன்னு அப்படியே வெட்டிட்டோம்.”

நாற்பதும் வெட்டியாயிற்று. இருபத்தாறு தைத்தும் ஆயிற்று. வேறு துணி இல்லை. எனக்குச் சிஸ்டரின் முகம் வந்தது, அதிகாரியின் முகம் வந்தது, பிறகு கோபம் வந்தது. வந்தால் என்ன ஆகும் என்று முன்னமே சொன்னேன்.

“உங்களுக்கென்ன விசரே? பொம்பிளைப் பிள்ளையளுக்கு ஆராவது கொலர் வைச்சுச் சேட்டுத் தைப்பினமே? இவ்வளவு பேர் இருக்கிறியள், ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை கேக்கத் தெரியாதே? வாயில என்ன கொழுக்கட்டையே? அந்தப் பிள்ளையள் நத்தாருக்கு என்னத்தைப் போடுறது? இந்த மெஷின் எல்லாம் தூக்கிக்கொண்டு போகப்போறாங்கள், தெரியுமே?”

இன்னும் இருக்கிறது, எழுத வெட்கமாக இருக்கிறது. மூச்சு வாங்க நிறுத்தினேன். அப்போது பாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கு இன்றைக்கும் மறக்க முடியாத ஒரு சிரிப்புச் சிரித்தார்.

“அப்பாடா! மிஸ் பேசிட்டாங்க.”

மற்றவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்து, “ஆமாடி, பேசிட்டாங்க” என்று பெருமூச்சு விட்டார்கள். எனக்கு இன்னும் ஏறிவிட்டது. நான் இவ்வளவு பேசியிருக்கிறேன், இவர்கள் சிரிக்கிறார்களே!

“பேச்சு வாங்கினது சந்தோஷமே உங்களுக்கு?”

“சந்தோஷம்தான் மிஸ். பேசாமலே போயிருவீங்களோன்னு பன்னெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல. அன்னைக்கு நீங்கதானே சொன்னீங்க, தப்பு செஞ்சா நான் பேசமாட்டேன்னு?”

ஓம், சொன்னேன். ஏசமாட்டேன், பயப்படாமல் சொல்லுங்கள் என்ற அர்த்தத்தில் சொன்னேன். அதைத்தானே இவரும் சொல்கிறார்? பிறகு ஏன் பயந்தார்?

மூலையில் பட்டன் ஓட்டை தைத்துக்கொண்டிருந்த நஸீமா ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பை அடக்க முடியாமல் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அல்லாவே! மிஸ், நீங்க அப்படியா சொன்னீங்க? நான் அண்டைக்கு இரிக்கல்ல, இவங்க எனக்கும் ஒண்டும் சொல்லல்ல. எங்கட மாடில யாழ்ப்பாணத்து ஆக்கள் இரிக்காங்க, அதால எனக்குத் தெரியும். ஒங்களுக்குப் பேசுறதுண்டா ஏசுறது. இவங்களுக்குப் பேசுறதுண்டா நீங்க சொல்ற கதைக்கிறது. நீங்க ஏசமாட்டேண்டு சொன்னீங்க. இவங்களுக்கு வெளங்கினது, தப்பு செஞ்சா மிஸ் இனி எங்களோட வாயே தொறக்கமாட்டாங்க எண்டு!”

யோசித்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் சும்மா உரையாடுவதைக் கதைப்பது என்போம். பேசுவது என்றால் திட்டுவது. எனக்கு அது பிறந்த நாளிலிருந்து வந்த சொல், அதற்கு வேறு அர்த்தம் உண்டு என்று தெரியாமலா இருந்தது? பள்ளிக்கூடத்தில் ‘பேச்சுப் போட்டி’யில் பரிசு வாங்கியவள் நான்! தெரியும், ஆனால் அவசரத்தில் வாய் தன் ஊரைத்தான் நினைக்கும். பயத்தைப் போக்குவதற்காக நான் சொன்ன ஒரு சொல்லே அவர்கள் வாயைக் கட்டிவிட்டது.

“அப்ப சந்தேகம் வந்ததுதானே?” என்று பாக்கியத்திடம் கேட்டேன். குரலைக் குறைத்துத்தான் கேட்டேன்.

“வராம இருக்குமா மிஸ்? நீளத்தைப் பாத்ததுமே வந்திச்சி. துணி வேற மிஞ்சிச்சி. மூணு தரம் கொமினிகேஷனுக்குப் போனேன். நம்பரைக் கையில வெச்சிக்கிட்டு நிப்பேன். ‘தப்பா வெட்டிட்டோம்’னு சொன்னதும் போனை வெச்சிட்டீங்கன்னா? பொறவு யாருகிட்ட போறது? அமுக்காமலே திரும்பி வந்திருவேன்.”

அச்சகத்துக்குப் பக்கத்துக் கடையில் இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற அந்த மூன்று தடவையும் என்னைக் குத்தியதுபோல அன்று யாரும் என்னைக் குத்தியிருக்க முடியாது.

பிறகு ‘சட்டை’யும் வெளிவந்தது. எங்களுக்குச் சட்டை என்றால் பெண் பிள்ளை போடும் கவுன், ஆண்கள் போடுவது சேட்டு. அவர்களுக்கோ சட்டை என்றால் ஆம்பிளை போடுவது. “பொம்பளப் புள்ளைங்களுக்குன்னா கவுன்னு சொல்லிருக்கணும் மிஸ்” என்றார் பாக்கியம், முதல் முறையாகக் கொஞ்சம் அதட்டலாக. பட்டியலில் ஒரு பெயர் இருந்திருந்தால் அவர்களுக்கு விளங்கியிருக்கும். பெயர்களைக் கழற்றி எறிந்ததும் நான்தான். முழுப் பிழையும் என் தலையில் அழகாகக் கூடி வந்து உட்கார்ந்தது.

இப்போது என்ன செய்வது? அலுவலகத்துக்கு அறிவித்தால், சொந்தக் காலில் நிற்கத் தெரியாத குழு என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடுவார்கள். மறைத்தால் சிஸ்டரின் பிள்ளைகள் பழசோடு நிற்பார்கள். நான் தலையைப் பிடித்துக்கொண்டு மர வாங்கில் உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஒரு வழியும் தோன்றவில்லை. இந்த வேலையில் உங்களுக்கும் அப்படி ஒரு மணித்தியாலம் வரும். அப்போது வாயை மூடிக்கொண்டு இருப்பது எவ்வளவு நல்லது என்று பாருங்கள்.

பாக்கியம் மர அலுமாரியைத் திறந்து, வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பெரிய பொட்டலத்தை எடுத்து வந்தார். மிஞ்சிய துணி. கவுனுக்கென்று சிஸ்டர் கணக்காகக் கொடுத்தது, சேட்டுக்கு அவ்வளவு தேவைப்படாததால் நிறையவே மிஞ்சியிருந்தது. அதில் ஓர் அங்குலம்கூட அவர்கள் தொடவில்லை.

“மாத்தயாவோட பழைய சட்டைய வெட்டி, நோனா வூட்டு பேபிக்கு கவுன் தச்சிக் குடுத்திருக்கேன் மிஸ்” என்றார். மாத்தயா என்றது நோனாவின் கணவரை. “எத்தனையோ தச்சிருக்கேன். சமையல் முடிஞ்ச பொறவு வேற என்ன வேலை?”

தைத்து முடித்த சேட்டு ஒன்றை மேசையில் விரித்தார். இடுப்பு வரும் இடத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தார். கத்தரிக்கோல் எடுத்தார். கோட்டோடு வெட்டினார். மேல் பாதி இனிக் கவுனின் உடம்பு. நீளமாக வெட்டிய புண்ணியத்தால் கீழ்ப் பாதியில் நிறையத் துணி இருந்தது. அதோடு மிச்சத் துணியில் ஒரு துண்டைச் சேர்த்து, சுற்றிவரச் சுருக்கு வைத்து, இடுப்பில் பொருத்தினார். இரண்டு பக்கமும் நாடா. பொக்கெற்றைப் பிரிக்கப் போனவரை நஸீமா தடுத்தார். “அது இரிக்கட்டும். மூக்குத் தொடைக்க லேஞ்சி வெச்சிக்கொள்ளும் புள்ளைகள்.”

ஒரு மணித்தியாலத்தில் என் முன்னால் ஒரு கவுன் இருந்தது. கொலர் வைத்து, முன்பக்கம் பட்டன் போட்டு, விரிந்த பாவாடையோடு. நீளம் கடதாசியில் இருந்தபடியே. பயந்துபோய் என் பட்டியலை ஓர் அங்குலமும் மீறாமல் வெட்டினார்களே, அதுதான் அந்தத் துணியைக் காப்பாற்றியது. ஒரேயொரு குறை. பட்டன் ஆண் பிள்ளைகளின் சேட்டில்போல வலப்பக்கமாக இருந்தது. அதை மாற்ற முடியாது.

மற்றவர்கள் உடனே அடுத்ததை எடுத்தார்கள். நான் ஒரு முடிவு எடுத்தேன், அந்த முழு விவகாரத்தில் நான் எடுத்த ஒரேயொரு நல்ல முடிவு அது. முடித்து நாற்பதையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுச் சிஸ்டர் கவனிக்காமல் விடட்டும் என்று பிரார்த்திப்பதில்லை. இந்த ஒன்றோடு இப்போதே போய் நடந்ததைச் சொல்வது. பாக்கியமும் என்னோடு வரவேண்டும் என்றேன். “நான் எதுக்கு மிஸ்?” என்றார். “தைச்சது நீங்கள், வெட்டினதும் நீங்கள். நான் வெறும் பிழை விட்ட ஆள்” என்றேன்.

சோதனைச்சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். இளம் இராணுவச் சிப்பாய் ஒருவன் பாக்கியத்தின் பையைத் திறந்து, கவுனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான். கொலரைப் பார்த்தான், பாவாடையைப் பார்த்தான், மறுபடி கொலரைப் பார்த்தான்.

“மேக்க கமிசயக்த, கவுமக்த?”

இது சேட்டா கவுனா என்று கேட்கிறான். அவனும் அதையே கேட்கிறான்! பாக்கியம் கொஞ்சமும் யோசிக்காமல், “தெகம மல்லி” என்றார். இரண்டும்தான் தம்பி. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மடித்துத் திருப்பிக் கொடுத்தான். வெள்ளவத்தை வரும்வரை நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவோம்.

சிஸ்டரிடம் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கவுனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு விடுதியில் ஆகச் சிறிய பிள்ளையைக் கூப்பிட்டார். ஆறு வயது இருக்கும், முன்பல் இரண்டும் இல்லை. அவளுக்கு அது பெரிதுதான். தலைவழியாகப் போட்டுவிட்டுச் சிஸ்டர் பட்டன் பூட்டக் குனிந்தார். பிள்ளை கையைத் தட்டிவிட்டாள்.

“நான் பூட்டுவன்.”

மேலேயிருந்து ஒவ்வொன்றாகப் பூட்டினாள். கீழே வந்தபோது ஓர் ஓட்டை மிஞ்சியது. பார்த்தாள், எல்லாவற்றையும் கழற்றினாள், மறுபடி தொடக்கத்திலிருந்து பூட்டினாள். நாங்கள் மூவரும் பேசாமல், இந்த முறை பாக்கியத்தின் அர்த்தத்தில் பேசாமல், நின்று பார்த்தோம். முடித்துவிட்டு வயிற்றைத் தட்டிக் காட்டினாள்.

சிஸ்டரின் கண் கலங்கியிருந்தது. “எங்கட சட்டையெல்லாம் முதுகில பூட்டிறது பிள்ளை. காலமையில இஞ்ச நாற்பது முதுகு. ஆருக்கு ஆர் பூட்டிறது எண்டு ஒரே அழுகை. வீட்டில எண்டால் தாய் பூட்டிவிடுவா” என்றார். பிள்ளையின் கொலரை நேராக்கிவிட்டு, “நாற்பதும் இப்பிடியே தையுங்கோ. பட்டனை முன்னுக்கிருந்து மாத்திப் போடாதேங்கோ” என்றார்.

சிஸ்டரிடம் விடைபெற்று வெளியே வந்தோம். மூலைக் கடையில் நின்று இரண்டு பிளேன்டீ குடித்தோம். அன்றைய தேநீரின் இனிப்பு இன்றும் நாக்கில் இருக்கிறது. “மிஸ், ஒண்ணு சொல்லவா? கோவிச்சிக்க மாட்டீங்களே?” என்றார் பாக்கியம். “சொல்லுங்கோ. ஏசவும் மாட்டன், கதைக்காமல் விடவும் மாட்டன்” என்றேன். “இனிமே வேலை தந்தீங்கன்னா நாங்க திருப்பிச் சொல்லுவோம். என்னா தைக்கப்போறோம், யாருக்குன்னு. நீங்க கேட்டுட்டு சரின்னு சொன்னாத்தான் கத்தரிக்கோல் எடுப்போம்.”

அதுதான் அந்தக் குழுவின் சட்டமாயிற்று. யார் என்ன வேலை கொண்டுவந்தாலும், கொண்டுவந்தவரை இருத்தி, தாங்கள் விளங்கிக்கொண்டதைத் தங்கள் பாஷையில் திருப்பிச் சொல்வார்கள். கடைக்காரர்கள் முதலில் முறைத்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். நானும் மற்றக் குழுக்களுக்கெல்லாம் அதைக் கொண்டுபோனேன், என் கண்டுபிடிப்பு என்று நடித்துக்கொண்டு.

நத்தாருக்கு முதல்நாள் அதிகாரி வந்தார். நாற்பது கவுன்களும் அதற்கு முந்தின நாளே விடுதிக்குப் போய்விட்டன, மேசை வெறுமையாக இருந்தது. என் அறிக்கையில் பிழை என்னுடையது, திருத்தியது குழு என்று எழுதியிருந்தேன். அவர் அதை வாசித்துவிட்டு, “இனி இப்படிப் பிழை வந்தால் என்ன செய்வீர்கள்?” என்று பாக்கியத்திடம் கேட்டார். பாக்கியம் என்னைப் பார்த்துவிட்டு, “யாரு தப்புன்னாலும் அன்னைக்கே சொல்லுவோங்க சார்” என்றார். ஆறு மெஷின்களும் அங்கேயே நின்றன. அன்று நான் படியிறங்கும்போது அச்சு மெஷின் சத்தம்கூடக் காதுக்கு இதமாக இருந்தது. பாக்கியம் நோனா வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை.

ஆகவே புதியவர்களே, ஒரு குழு நிலைக்குமா என்று அறிய விரும்பினால் மெஷினை எண்ணாதீர்கள். அந்தக் குழுவில் ஒருவர், தான் துணியைப் பிழையாக வெட்டிவிட்டேன் என்று உங்களிடம் வந்து சொல்வாரா என்று பாருங்கள். சொல்லமாட்டார் என்றால், நீங்கள் ஏதோ சொல்லித்தான் அவர் வாயைக் கட்டியிருக்கிறீர்கள். என்ன சொன்னீர்கள் என்று தேடுங்கள். நல்ல நோக்கத்தோடு சொன்ன சொல்லாகத்தான் இருக்கும்.

நான் ஓய்வு பெற்றுப் பல வருடமாகிறது. போன மாதம் எனக்குக் காய்ச்சல், இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தேன், ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒரு காலை தொலைபேசி அடித்தது.

“மிஸ், பாக்கியம் பேசுறேன்.”

“சொல்லுங்கோ பாக்கியம்.”

“என்னத்தச் சொல்றது? ஆசுபத்திரில இருந்துட்டு வந்திருக்கீங்க, எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லத் தெரியாதா? நஸீமா யாருகிட்டயோ கேள்விப்பட்டுச் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கு. நம்பர் இல்லையா ஒங்ககிட்ட? போன் இல்லையா? இவ்வளவு பேர் இருக்கோம், வாயில என்னா கொழுக்கட்டையா?”

கால் மணித்தியாலம் விடவில்லை. என் ஊர் அர்த்தத்திலும் பேசினார், தன் ஊர் அர்த்தத்திலும் பேசினார். நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் திருப்பிக் கதைக்காமல், முழுவதையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.